நாய்களுக்கு ஒரு பூங்கா: எங்கட ஒழுங்கை என்ன சொல்லுது?

எங்கட ஒழுங்கையில் ஒரு கடிதம் கையெழுத்துக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒழுங்கை முடிகிற இடத்தில் ‘சும்மா கிடக்கிற’ காணிக்கு மாநகர சபை வேலி அடிச்சுத் தரவேணும், அதை நாய்களைச் சங்கிலி இல்லாமல் அவிட்டு விடக்கூடிய பூங்காவாக மாற்றவேணும் என்பதுதான் கோரிக்கை. எழுதினவை புதுத் தொடர்மாடியில் இருக்கிற சில குடும்பங்கள். கடிதம் இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் இடைப்பட்ட இந்தப் பக்கத்தில் தமிழ், சிங்களம் ரெண்டும் காதில விழாமல் பத்தடி நடக்க ஏலாது. ஆனால் எங்கட ஒழுங்கையைப் பற்றின கடிதத்தை ஒழுங்கையில் பாதிப் பேர் இன்னொராளிட்டக் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டார்கள்.

பிறகு கதை தொடங்கிச்சு. கடையில், லிஃப்டில், ஓட்டோ நிக்கிற இடத்தில், எல்லா இடத்திலயும் நாய்க் கதைதான். நான் பெரியம்மா வீட்டில தங்கிக் கம்பசுக்குப் போய் வாற ஆள். நாய் வளர்க்கிறதில்லை. முதலாம் வருசத்தில் ஒருநாள் விடியப்புறம் பஸ்ஸுக்கு ஓடேக்க கணுக்காலில் கடி வாங்கி, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசியும் போட்டிருக்கிறன். அதாலயோ என்னவோ, ரெண்டு பக்கத்தாரும் என்னைத் தங்கட ஆளாக நினைச்சுக் கதைச்சினம்.

நான் சொல்ல வாறதை முதலே சொல்லிவிடுறன். நாய்க்கு ஓட இடம் வேணும் எண்டதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் காணிக்கு வேலி போட்டு, கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, நாய் வளர்க்கிற வீடுகளுக்கு மட்டும் ஒதுக்குவதை நான் ஆதரிக்க மாட்டன். இடத்தைப் பிரிக்காமல் நேரத்தைப் பிரிக்கலாம். அதுக்கும் முதல் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கு. அந்த இரண்டு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கேட்கிற ஆக்களின் நியாயம்

இந்தக் கோரிக்கையைப் பணக்காரச் சேட்டை என்று தள்ளுவது லேசு. எங்கட வயசுப் பெடியள் கனபேர் அப்பிடித்தான் கதைக்கினம். அது சரியில்லை.

எங்கட பக்கத்தில் முந்தி முற்றம் உள்ள வீடுகள் இருந்தது. முற்றத்தில் நாய் இருந்தது. வீடுகள் இடிபட்டு அதே காணியில் எட்டு மாடி, பத்து மாடி எழும்பினது. சனம் கூடிச்சு, முற்றம் போச்சு. ஆனால் நாய் வளர்க்கிற ஆசை போகவில்லை. மூன்றாம் மாடி அன்ரியின்ர பிள்ளைகள் ரெண்டு பேரும் வெளிநாடு. வீட்டில் அவவும் ஒரு லப்ரடோரும்தான். விடிய அஞ்சு மணிக்கு மரின் டிரைவுக்குக் கூட்டிக்கொண்டு போறா. அங்க நடக்க வாற ஆக்கள் முறைக்கினம். வாகனம் வரத் தொடங்கிவிட்டால் அதுவும் ஏலாது. மிச்ச நேரம் முழுக்க அந்த நாய் தொள்ளாயிரம் சதுர அடிக்குள்ள. “நான் நடக்கிற வேகத்தில அது நடக்குது. அது ஓடினதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை” என்று அன்ரி சொன்னா. இதைச் சேட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரேல்ல.

ஊரில் மட்டும் நாங்கள் நாயை வடிவா வைச்சிருக்கிறமோ? யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் நாய் பிறந்து சாகிற வரைக்கும் ஒரு மாமரத்தடியும் மூன்று முழச் சங்கிலியும்தான். சந்திக்குச் சந்தி வைரவர் கோயில் கட்டி, அவற்ற வாகனத்துக்கும் சேர்த்துப் பூ வைக்கிற நாங்கள்தான் ரோட்டில போற நாய்க்குக் கல்லெறியுறதும். அந்தக் கண்ணால பார்த்தால், நாயை அவிட்டு விட ஒரு இடம் கேட்கிறது நாயைப் பற்றி யோசிக்கிற ஆக்கள் கேட்கிற கேள்விதான்.

இந்த யோசனை எங்கட ஒழுங்கையில் பிறந்ததும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1979 இல் தொடங்கின ஓலோனி நாய்ப் பூங்காவைத்தான் இந்த வகைப் பூங்காக்களின் முன்னோடி என்று சொல்லுவார்கள். சுரங்க ரயில் பாதை போடுவதற்காக வீடுகளை அகற்றின நிலம் அது. அயலில் இருந்த சனம்தான் அதைப் பொது இடமாக்கக் கேட்டு, பிறகு ஒரு பகுதியை நாய்களுக்கு ஒதுக்க வைத்தது. இந்தியாவில் ஹைதராபாத் மாநகராட்சி 2018 இல் கொண்டாப்பூரில் குப்பை கொட்டின ஒரு இடத்தைத் துப்புரவாக்கி நாய்ப் பூங்கா திறந்தது. ஆக, செய்ய முடியாத விசயம் இல்லை.

ஆனால் அந்த ரெண்டு இடத்தையும் பாருங்கோ. ஒன்று வீடுகள் போன நிலம், மற்றது குப்பை மேடு. எங்கட காணி அப்பிடியா?

‘சும்மா கிடக்கிற’ காணி

கடிதத்தில் என்னை உறுத்தின சொல் இதுதான். இருபது பேர்ச்சுக்குக் கிட்ட வரும் அந்தக் காணி ஒருநாளும் சும்மா கிடந்ததை நான் காணவில்லை.

பின்னேரம் மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வாற பெடியள் அங்க கிரிக்கெட் விளையாடுறாங்கள். ஒரு பக்கச் சுவருக்கு மேலால அடிச்சால் அவுட். ரெண்டு இளநீர்க் கோம்பைதான் விக்கெட். தமிழ்ப் பெடியள், சிங்களப் பெடியள், முஸ்லிம் பெடியள் ஒரே அணியில் நின்று மூன்று மொழியிலும் சண்டை பிடிக்கிற இடம் இந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் அவையள் மொழியால் பிரிஞ்சு போகினம். ரியூசனிலும் அப்பிடித்தான். பகலில் ஓட்டோ அண்ணாமார் வேப்பமரத்து நிழலில் நிப்பாட்டிப் போட்டுப் படுக்கினம். பின் வரிசை வீடுகளின் உடுப்பு அங்கதான் காயுது. நோன்பு காலத்தில் கடைக்கார நானா அந்த இடத்தில மேசை போட்டுக் கஞ்சி குடுக்கிறவர்.

இதுகள் ஒன்றும் எந்தக் கோப்பிலயும் பதிவில்லை. அதனால்தான் ‘சும்மா கிடக்கிற காணி’ என்று எழுத முடியுது. வேலி ஒன்று வந்தால் அதில் ஒரு பலகை தொங்கும், திறக்கிற நேரம் எழுதியிருக்கும், யார் வரலாம் என்று எழுதியிருக்கும். பலகையில் எழுதாத பாவனை எல்லாம் அன்றோடு முடிஞ்சுபோகும்.

தொடர்மாடியில் இருக்கிற ஒருவர் என்னட்டச் சொன்னார், “பெடியள் விளையாட வேற கிரவுண்ட் இல்லையா?” என்று. இருக்கு. காலி வீதியைக் கடந்து, பஸ் எடுத்து, காசு கட்டி. பதினொரு வயசுப் பிள்ளையைத் தனிய அனுப்ப எந்தத் தாய் விடுவா? லப்ரடோரை வானில் ஏற்றிப் பெரிய மைதானத்துக்குக் கொண்டுபோக ஏலுமான வீட்டுக்கும், மகனை எங்கயும் கொண்டுபோக ஏலாத வீட்டுக்கும் இடையில்தான் இந்தக் காணி இருக்கு.

பொம்பிளைப் பிள்ளைகளின் கதை இன்னும் வேற. அவையளுக்கு இப்பவே அந்தக் காணியில் இடம் குறைவு. பெடியள் விளையாடேக்க ஓரமா நின்று பார்க்கிறதோட சரி. பொது இடம் என்று சொல்லிக்கொண்டு அதில் பாதிச் சனம் இல்லாமல் இருக்கிறதை நாங்கள் பழகிப்போய்க் கேள்வி கேட்கிறதில்லை. நாய்ப் பூங்காக் கதை வந்தபடியால்தான் அந்தக் காணி யாருடையது என்ற கேள்வியே முதல் தரம் வந்திருக்கு. அந்த வகையில் கடிதம் எழுதின ஆக்களுக்கு நன்றி சொல்லத்தான் வேணும்.

பயத்தையும் துப்புரவையும் பகிடி பண்ணாதேங்கோ

எதிர்க்கிற ஆக்களின் காரணம் எல்லாம் ஒன்றில்லை. அதைக் கவனிக்காமல் ‘நாய் வெறுப்பு’ என்று ஒரே பெட்டிக்குள்ள போடுறது நியாயமில்லை.

நானா எதிர்க்கிறார். அவர் பள்ளிக்குத் தொழப் போற குறுக்கு வழி அந்தக் காணி ஓரம்தான். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். அதில் நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு தரம் கழுவவேணும், அதில் ஒரு தரம் மண் சேர்த்து. தொழுகைக்குப் போற வழியில் பத்து நாய் சங்கிலி இல்லாமல் ஓடி வந்து மணந்து பார்த்தால் அவர் திரும்ப வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆனால் இதே நானாதான் கடை வாசலில் தெருநாய்க்கு ஒரு பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் தண்ணி வைக்கிறவர். தாகத்தில் தவிச்ச நாய்க்குத் தண்ணி குடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸை எனக்குச் சொன்னதும் அவர்தான். அவர் கேட்கிறது தூரம் மட்டும்தான். அதை வெறுப்பு என்று எழுதினால் நாங்கள் அவரை விளங்கிக்கொள்ளவில்லை.

முன்வீட்டு ஆச்சி எதிர்க்கிறா. விழுந்து இடுப்பு உடைஞ்சு, பொல்லோட நடக்கிறவ. பெரிய நாய் ஒன்று அன்பா ஓடி வந்து பாய்ஞ்சாலே அவவுக்குக் காணும். “கடிக்காது, கடிக்காது” என்று தூரத்தில நின்று கத்துற நாய்க்காரரை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அந்தச் சொல் பயப்படுகிற ஆளுக்கு ஒரு உதவியும் செய்யாது.

ஒரு தாய் எதிர்க்கிறா. அவவின்ர கவலை மண். நாயின் மலத்தில் இருக்கிற வட்டப்புழு முட்டைகள் மண்ணில் மாதக்கணக்காக உயிரோட கிடக்கும், அந்த மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கிற பிள்ளைக்குப் போகும். இது கட்டுக்கதை இல்லை, வைத்தியர்கள் சொல்லுகிற விசயம். மழை பெய்தால் எங்கட ஒழுங்கைத் தண்ணி எல்லாம் அந்தப் பள்ளக் காணிக்குத்தான் போகுது. அள்ளாமல் விட்ட மலம் பிறகு எல்லாற்ற வாசலுக்கும் வரும்.

ஆதரிக்கிற பக்கத்திலயும் எதிர்பாராத ஆக்கள் இருக்கினம். ஓய்வுபெற்ற சிங்கள அங்கிள் ஒருவர், நாய் வளர்க்காதவர், பூங்கா வந்தால் நல்லம் என்கிறார். காரணம் கேட்டன். வேலி வந்தால் இரவில் அங்க குடிக்க வாற ஆக்கள் வரமாட்டினம் என்றார். அவருக்கு வேலிதான் தேவை, நாய் சாட்டு.

மூன்று பெயர் உள்ள நாய்

இவ்வளவு கதையிலயும் ஒருத்தரும் பேசாத ஒரு கூட்டம் இருக்கு. அந்தக் காணியில் ஏற்கனவே சங்கிலி இல்லாமல் இருக்கிற நாய்கள்.

அதில் வெள்ளை நாய் ஒன்று. தொடர்மாடி செக்கியூரிட்டி ஐயா அதைச் ‘சுத்தா’ என்று கூப்பிடுறார். பெரியம்மா ‘வெள்ளையன்’ என்றால் வாலாட்டும். கிரிக்கெட் பெடியளுக்கு அது ‘மெஸ்ஸி’, பந்தைக் கவ்விக்கொண்டு ஓடுறபடியால். மூன்று பெயருக்கும் வரும், மூன்று வீட்டிலயும் சாப்பிடும், ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லை. அது கடிச்சால் மட்டும் யாருடைய நாய் என்று கேட்பார்கள், அப்ப மூன்று பேரும் பேசாமல் இருப்பினம்.

‘நாயை அவிட்டு விட ஒரு பூங்கா’ என்ற யோசனை பிறந்த ஊர்களில் ரோட்டில் திரியிற நாய் இல்லை. நாய் என்றால் ஒரு வீட்டு நாய், ஒரு சங்கிலி, ஒரு சொந்தக்காரர். இலங்கையில் சங்கிலியே காணாத நாய்கள் ஊர் முழுக்க இருக்கு. அதனால் அந்த யோசனையை அப்பிடியே இங்க இறக்கினால், வேலிக்கு உள்ளுக்குச் சொந்தக்காரர் உள்ள நாய், வேலிக்கு வெளியில அதைப் பார்த்துக் குரைக்கிற சொந்தக்காரர் இல்லாத நாய் என்று ரெண்டு வகை வரும். அடுத்த கடிதம் என்னவாக இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை: “பூங்காவுக்கு வாற எங்கட நாய்களுக்குப் பாதுகாப்பில்லை, தெருநாய்களை அகற்றவும்.”

அகற்றுவது என்றால் என்ன என்று எங்கட நாட்டுக்குத் தெரியும். 1893 ஆம் ஆண்டின் விசர்நாய் நோய்க் கட்டளைச்சட்டம், பொது இடத்தில் கட்டுப்பாடில்லாமல் திரிகிற நாயைப் பிடிக்கவும் கொல்லவும் இடம் கொடுத்தது. 1901 இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தது. நூறு வருசத்துக்கு மேல் நாய் பிடிக்கிற வண்டி ஓடிச்சு. தெருவில் நாய் முடியவில்லை. ஒரு இடத்தில் நாயைப் பிடிச்சால், அந்தச் சாப்பாட்டுக்கும் அந்த நிழலுக்கும் வேற இடத்து நாய் வரும். அது தடுப்பூசி போடாத, ஊர் பழகாத நாய். 2006 இல் தெருநாய்களைக் கொல்லுவதை அரசாங்கம் நிறுத்தினது. பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விடுகிற முறைக்கு மாறினது. கொழும்பில் 2007 தொடக்கம் புளூ போ டிரஸ்ட் மாநகர சபையோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தது.

இன்னொரு கணக்கும் இருக்கு. 1973 இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் இறந்தவர்கள் 377 பேர். அண்மைய வருசங்களில் அது இருபது முப்பது அளவுக்கு இறங்கியிருக்கு. இதைச் செய்தது பெரும்பாலும் நாய்களுக்குப் போட்ட தடுப்பூசியும், கடிபட்ட ஆக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிற ஊசியும். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 வீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய் பரவுறது நிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 70 வீதம் என்றால் தொடர்மாடி நாய்களால் மட்டும் அந்தக் கணக்கு நிரம்பாது. வெள்ளையனும் அதுக்குள்ள வரவேணும்.

பக்கத்து நாட்டில் நடந்ததையும் பார்த்தம். 2025 ஓகஸ்ட் 11 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினொரு நாளில், ஓகஸ்ட் 22 இல், அதையே திருத்தினது: விசர் பிடிச்ச, மூர்க்கமான நாய்களைத் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடிச்ச இடத்திலேயே விடவேணும், சாப்பாடு வைக்க என்று தனி இடம் ஒதுக்கவேணும் என்றது. நவம்பரில் பாடசாலை, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் போன்ற இடங்களில் இருந்து நாய்களை அகற்றச் சொல்லி இன்னொரு உத்தரவு வந்தது. இவ்வளவு பெரிய நீதிமன்றமே மூன்று மாசத்துக்குள்ள இப்பிடி மாறி மாறிச் சொல்ல வேண்டி வந்த விசயத்தை நாங்கள் ஒரு கையெழுத்துத் தாளில் முடிக்கப் பார்க்கிறம்.

இருபது பேர்ச்சில் எத்தனை நாய் ஓடும்?

சரி, எல்லாரும் சம்மதிச்சாலும் அந்தக் காணி காணுமா?

அமெரிக்கன் கெனல் கிளப் நாய்ப் பூங்காவுக்குச் சொல்லுகிற நல்ல அளவு ஒரு ஏக்கர் அல்லது அதுக்கு மேல். ஒரு ஏக்கர் என்றால் 160 பேர்ச். எங்களிட்ட இருக்கிறது அதில் எட்டில் ஒரு பங்கு. வேலி நாலு முதல் ஆறடி உயரம் வேணும். வாசலில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ரெண்டு கேட் வேணும், ஒரு நாய் உள்ள வரேக்க இன்னொன்று ரோட்டுக்குப் பாயாமல் இருக்க. பெரிய நாய்க்கும் சின்ன நாய்க்கும் வேற வேற இடம் இருந்தால் நல்லம். தண்ணி, நிழல், மலம் போட மூடி உள்ள வாளி எல்லாம் வேணும். ஹைதராபாத் பூங்காவே 1.3 ஏக்கர்.

இருபது பேர்ச்சை ரெண்டாகப் பிரிச்சு, ரெண்டு கேட்டும் போட்டால் மிச்சம் இருக்கிறது ஒரு பெரிய கூடு. அதுக்குள்ள ஒன்றையொன்று தெரியாத எட்டுப் பத்து நாயை ஒரே நேரத்தில் அவிட்டு விட்டால் ஓட்டமா நடக்கும், சண்டைதான் நடக்கும். ஓட இடமில்லாத நாய்க்கு ஓட இடம் வேணும் என்றுதானே தொடங்கினம்?

சத்தமும் இருக்கு. அந்தப் பெர்க்லிப் பூங்காவிலேயே, இத்தனை வருசத்துக்குப் பிறகும், குரைப்புச் சத்தம் பற்றி அயலவர்கள் முறைப்பாடு செய்திருக்கினம். அங்க வீடுகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கு. எங்கட ஒழுங்கையில் ஒரு வீட்டுக் குக்கர் விசில் அடிச்சால் நாலு வீட்டில் அடுப்பை நிப்பாட்ட ஓடுகினம்.

வேலிக்குப் பதிலாக

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் மூன்றாம் மாடி அன்ரிக்கு நான் என்ன பதில் சொல்லுறது? அதனால் என்ர பக்கத்து யோசனை.

முதலாவது, தடுப்பூசி நாள். பொதுச் சுகாதார கால்நடைச் சேவையூடாக நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். அந்தக் காணியிலேயே ஒருநாள் ஒழுங்கு செய்யக் கேட்கலாம். தொடர்மாடி நாயும் வரட்டும், வெள்ளையனும் வரட்டும். தெருநாயைப் பிடிக்க அதுக்குப் பழக்கமான ஆள் வேணும், அதுக்குச் செக்கியூரிட்டி ஐயாவை விட யார் இருக்கினம்? கருத்தடைக்கும் அதே கூட்டத்தில் பெயர் குடுக்கலாம். இது முடியாமல் ஒரு நாயையும் காணியில் அவிட்டு விடக்கூடாது.

ரெண்டாவது, நேரம். விடிய அஞ்சரை தொடக்கம் ஏழு மணி வரைக்கும் காணி நாய்களுக்கு. வலை வேலியைக் கழற்றிப் பூட்டக்கூடிய மாதிரி, அந்த நேரத்துக்கு மட்டும் இழுத்துக் கட்டலாம். ஒரு நேரத்தில் மூன்று நாய், அதுவும் ஒன்றுக்கொன்று பழகின நாய்கள். ஏழு மணிக்குப் பிறகு காணி பழையபடி. பின்னேரம் பெடியளுக்கு. கிழமையில் ரெண்டு பின்னேரம் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு என்று இந்தச் சாட்டோட கேட்டுவிடுவம்.

மூன்றாவது, வீட்டில் இருந்து காணி வரைக்கும் சங்கிலி கட்டாயம். லிஃப்டிலும் ஒழுங்கையிலும் அவிட்டு விடுறதில்லை. விடிய சுபஹுக்குப் போய் வாறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நாய்கள் மற்றப் பக்கத்தால் போகவேணும். அள்ளுறது வளர்க்கிற ஆளின் வேலை. அள்ளாவிட்டால் அடுத்த கிழமை வரக்கூடாது. இதைப் பார்க்க ஒரு ஆளும் ஒரு கொப்பியும் காணும்.

நாலாவது, பெரிய இடத்தைப் பெரிய இடத்தில் கேட்பம். உள்ளூராட்சி சபைகள் 2023 மார்ச்சில் கலைஞ்சு, ரெண்டு வருசத்துக்கு மேல் தெரிவான ஆக்கள் இல்லாமல் கிடந்தது. 2025 மேயில் தேர்தல் நடந்து இப்ப உறுப்பினர்கள் இருக்கினம். ஒரு ஏக்கர் தேவைப்படுகிற பூங்காவை ஒரு ஒழுங்கைக்குள்ள திணிக்காமல், நகரத்துக்கு ஒன்றாக, ஏற்கனவே விசாலமாக இருக்கிற ஒரு திடலின் ஓரத்தில் தரச் சொல்லி அவையளிட்டக் கேட்கலாம். அந்தக் கடிதத்தில் நானும் கையெழுத்து வைப்பன். ஆனால் அது மூன்று மொழியிலும் இருக்கவேணும்.

கடைசியாக ரெண்டு கேள்விக்கு

“நீ நாய் வளர்க்காத ஆள், உனக்கு என்ன தெரியும்?” என்று ஒரு அக்கா கேட்டா. நியாயமான கேள்வி. நாயைப் பற்றி அவவுக்குத்தான் கூடத் தெரியும். ஆனால் இந்தக் கடிதம் கேட்கிறது காணியை. அதைப் பற்றிச் சொல்ல ஒழுங்கையில் நடக்கிற எல்லாருக்கும் உரிமை இருக்கு, வாடகைக்கு இருக்கிற எனக்கும், உடுப்புக் காயப்போடுகிற பின்வீட்டு அக்காவுக்கும்.

“நாட்டில் இருக்கிற பிரச்சினைக்குள்ள இதெல்லாம் ஒரு கட்டுரையா?” என்று வகுப்பில் ஒருத்தன் கேட்டான். சமூகவியல் படிக்கிற நாங்கள் காணி, அதிகாரம், இன உறவு என்று பெரிய சொல்லாகப் பாவிக்கிறம். அதெல்லாம் இருபது பேர்ச்சுக்குள்ள நடக்கேக்க சின்ன விசயம் என்கிறம். கொழும்பில் பொது இடம் ஒரே நாளில் காணாமல் போறதில்லை. ஒரு தரிப்பிடம், ஒரு வேலி, ஒரு பலகை என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகுது. ஒவ்வொரு தரமும் கேட்ட ஆக்களிட்ட ஒரு நல்ல காரணம் இருக்கும். இந்தத் தரமும் இருக்கு, லப்ரடோர் உண்மையிலேயே ஓடவேணும்.

அதனால் தாள் உங்கட கதவுக்கு வந்தால் கோபப்படாதேங்கோ, உடன கையெழுத்தும் போடாதேங்கோ. தாளோட வாறவரிட்ட மூன்று விசயம் கேளுங்கோ: பெடியள் பின்னேரம் எங்க விளையாடுவாங்கள், வெள்ளையனுக்கு யார் ஊசி போடுவிக்கிறது, கேட்டின் திறப்பு யாரிட்ட இருக்கும். மூன்றுக்கும் பதில் எழுதின கடிதம் வந்தால் ஒழுங்கையே சேர்ந்து கையெழுத்து வைக்கலாம். அது வரும் வரைக்கும் காணி இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.